கான்டெஸாவுக்குப் பெரிய இன்ஜின் வேணுமாம்

நாலு மாசமா எங்க ஷெட்ல ஒரு கான்டெஸா கார் நிற்கிறது. மல்லாட்டை மூட்டை அடுக்குகிற இடம் அது. அக்கா மகன் கொண்டுவந்து இறக்கியது. அவனுக்குச் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. அபார்ட்மெண்டில் ஒரு வண்டி நிறுத்தத்தான் இடம், அதில் ஏற்கெனவே ஒரு கார் நிற்கிறது. "மாமா, கொஞ்ச நாள்தான்" என்றான். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில், கூட்டேரிப்பட்டிலிருந்து உள்ளே வரும் ரோட்டில் எங்கள் ஊர். டெம்போவில் ஏற்றி வந்த அன்னிக்கு பாதி ஊர் வேடிக்கை பார்த்தது. 1986 மாடல். ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்திருக்கும். இன்ஜின் ஜாம். பின்சீட்டில் இப்போது எங்கள் கோழி ஒன்று அடை உட்கார்ந்திருக்கிறது, அதை எழுப்ப என் மனைவி யாரையும் விடுவதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை வந்தவன் செல்போனை நீட்டி ஒரு வீடியோ காட்டினான். யாரோ ஒருத்தர் கான்டெஸாவுக்குள் ஜப்பான் இன்ஜின் ஒன்றை இறக்கி, டயர் புகைய ஓட்டுகிறார். "நம்ம வண்டிக்கும் இதே மாதிரி பண்ணப் போறேன் மாமா. டொயோட்டாவோட 2ஜே.இசட். இன்ஜின். மூணு லிட்டர், ஆறு சிலிண்டர், டர்போ." விலையையும் சொன்னான். அந்தக் காசுக்கு ஒரு டிராக்டருக்கு முன்பணம் கட்டலாம். ஆனால் நான் வாயைத் திறக்காமல் இருந்ததற்குக் காரணம் காசு இல்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

கான்டெஸாவைப் பற்றி இளவட்டங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். நீண்ட மூக்கு, அகலமான உடம்பு, தாழ்ந்த நடை. 'இந்தியாவோட மசில் கார்' என்று அதை ஆசையாகச் சொல்கிறார்கள். பார்க்க அப்படித்தான் இருக்கும். ஆனால் 1984-இல் அது வந்தபோது உள்ளே இருந்தது அம்பாசிடர் இன்ஜின். அதே 1,489 சி.சி., சுமார் 50 குதிரைத்திறன். பயில்வான் உடம்பில் சவலைப்பிள்ளை நெஞ்சு மாதிரி. ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு மேடு ஏறினால் வண்டி முனகும் என்று அந்தக் காலத்து டிரைவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த உடம்பு நம்ம ஊரில் வரைந்தது இல்லை. இங்கிலாந்தில் வாக்ஸால் கம்பெனி ஓட்டிக்கொண்டிருந்த வி.எக்ஸ். காரின் அச்சுகளைத்தான் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் வாங்கி வந்தது. அங்கே அந்தக் காருக்குப் போட்டிருந்தது 1.8 லிட்டர், 2.3 லிட்டர் இன்ஜின்கள். வங்காளத்து உத்தர்பாராவுக்கு வந்ததும், கையில் இருந்த சின்ன இன்ஜினைத் தூக்கி வைத்தார்கள். எண்பதுகளின் பிற்பகுதியில் அதே கம்பெனி ஜப்பானின் இசுஸு 1.8 லிட்டர் இன்ஜினையும் அஞ்சு கியர் பெட்டியையும் வைத்துக் 'கான்டெஸா கிளாசிக்' என்று விற்றது. குதிரைத்திறன் 50-லிருந்து 85-க்கு மேலே போனது. வண்டியே வேறயாகிவிட்டது. அதாவது கான்டெஸாவுக்குப் பெரிய இன்ஜின் மாற்றுகிற வேலையை முதலில் செய்தது அதைச் செய்த கம்பெனியேதான். 2002 வாக்கில் உற்பத்தி நின்றது. இன்றைக்கும் இசுஸு இன்ஜின் கான்டெஸாவுக்குத்தான் மவுசு.

அமெரிக்காவில் மசில் கார் என்ற ஜாதியே இப்படிப் பிறந்ததுதான். 1964-இல் பான்டியாக் கம்பெனிக்காரர்கள் டெம்பெஸ்ட் என்ற நடுத்தரக் காரில், பெரிய காருக்கான 389 கன அங்குல வி8 இன்ஜினை வைத்தார்கள். நம்ம கணக்கில் 6.4 லிட்டர். அந்த அளவுக் காருக்கு இவ்வளவு பெரிய இன்ஜின் கூடாது என்று தலைமைக் கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸில் விதி இருந்தது. அதனால் தனி மாடலாக விற்காமல், 'விருப்பப்பட்டால் போட்டுக்கொள்ளலாம்' என்ற பட்டியலில் நுழைத்துவிட்டார்கள். அதுதான் ஜி.டி.ஓ. கிளட்ச், ஸ்பிரிங் எல்லாம் கனமாகப் போட்டார்கள். பிரேக் மட்டும் நாலு சக்கரத்திலும் டிரம். அன்றைக்கே அதைக் குறை சொன்னவர்கள் உண்டு. ஆனால் விளம்பரத்துக்கு உதவுவது குதிரைத்திறன். பிரேக்கைப் பார்த்து யார் மயங்குவார்கள்?

எங்கள் பக்கம் இன்ஜின் மாற்றுவது ஒன்றும் புதுசில்லை. நகரத்து நண்பர்கள் அடிக்கடி எனக்கு வீடியோ அனுப்புவார்கள். பம்ப்செட் இன்ஜினில் ஓடும் வண்டி, பழைய பைக்கில் செய்த களை எடுக்கும் மெஷின். 'கிராமத்து விஞ்ஞானி' என்று மேலே எழுதியிருக்கும். எனக்கு அதைப் பார்த்தால் சிரிப்பும் வரும், கொஞ்சம் எரிச்சலும் வரும். அதெல்லாம் கையில் காசு இல்லாததால் வந்த விஞ்ஞானம். தொண்ணூறுகளில் விழுப்புரம், திண்டிவனம் பட்டறைகளில் பெட்ரோல் அம்பாசிடரைக் கொண்டுபோய் டீசல் இன்ஜின் மாட்டிக்கொண்டு வருவார்கள். பெட்ரோல் புல்லட்டில் கூட டீசல் இன்ஜின் வைப்பார்கள். என்ஃபீல்ட் கம்பெனியே 325 சி.சி. டீசல் புல்லட் விற்ற காலம் அது, ஆறரைக் குதிரைத்திறன்தான். டொக் டொக்கென்று பம்ப்செட் மாதிரியே சத்தம் வரும். மணிக்கு அறுபது தாண்டுவதற்குள் நமக்கு வயசாகிவிடும். ஆனாலும் வாங்கினார்கள், ஏனென்றால் மைலேஜ். பெட்ரோலுக்கும் டீசலுக்கும் விலை வித்தியாசம் அப்படி. டீசல் விலைக் கட்டுப்பாட்டை அரசு முழுசாக எடுத்தது 2014 அக்டோபரில்தான். அதுவரைக்கும் டீசல் ஏழைக்கான எண்ணெய். எங்கள் பக்கம் வேகத்துக்காக யாரும் இன்ஜின் மாற்றவில்லை.

ஆனால் 'பெருசா மாட்டினா சரியாயிடும்' என்கிற புத்தி எங்களுக்கும் உண்டு. அதை நான் மோட்டாரில் பட்டிருக்கிறேன்.

எங்கள் போர்வெல்லில் 5 ஹெச்.பி. மோட்டார் இருந்தது. தண்ணி குறைய ஆரம்பித்ததும் ஊரில் ஒவ்வொருத்தராக ஏழரை, பத்து என்று மாற்றினார்கள். நானும் 10 ஹெச்.பி. இறக்கினேன். முதல் வாரம் குழாயில் தண்ணி பீய்ச்சி அடித்தது. இரண்டாவது வாரம் ஸ்டார்ட்டர் கருகியது. பழைய ஸ்டார்ட்டர், பழைய ஒயர், அதன் மேலே இரண்டு மடங்கு மோட்டார். அதை மாற்றினேன். அப்புறம் போரில் அரை மணிக்கு மேல் தண்ணி நிற்கவில்லை. ஊற்று வருவது அவ்வளவுதான், மோட்டார் அதைவிட வேகமாகக் குடிக்கிறது. காற்றை இழுத்து, மணலை இழுத்து, ஆறு மாசத்தில் பம்ப் தேய்ந்துபோனது. டிரான்ஸ்பார்மரில் லோடு ஏறி, கடைசிக் கழனிக்காரருக்கு வோல்டேஜ் இறங்கி, அவர் மோட்டார் எடுக்கவே இல்லை. அவர் வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்து என் அப்பாவிடம் கேட்டது: "ஏம்பா, மோட்டாரு பெருசானா போர்ல தண்ணி பெருசாயிடுமா?" என் அப்பா என்னைப் பார்த்தார். எனக்குப் பதில் இல்லை.

காரும் அப்படித்தான். இன்ஜின் என்பது ஒரு சங்கிலியின் முதல் கண்ணி. அங்கே பிறக்கிற சக்தி கிளட்ச் பிளேட் வழியாக, கியர் பெட்டி வழியாக, நடு ஷாஃப்ட் வழியாகப் பின்னால் கிரவுனுக்குப் போய், அச்சுக்குப் போய், டயருக்குப் போக வேண்டும். 50 குதிரைக்கு என்று செய்த கிரவுனில் 280 குதிரையைக் கட்டினால் முதலில் எது உடையும் என்று பந்தயம் கட்டலாம், உடையாது என்று கட்ட முடியாது. மருமகன் சொல்கிற அந்த டர்போ இன்ஜினுக்கு ஜப்பானில் கம்பெனி சொன்ன கணக்கு சுமார் 280. அஞ்சு மடங்குக்கும் மேலே. எடை கூடும், முன்பக்கம் அமுங்கும், ஸ்டியரிங் மாறும். ரேடியேட்டர் போதாது. இன்ஜின் பவுண்டேஷனை வெட்டி ஒட்டணும். இதெல்லாம் காசு கொடுத்தால் தீரும் என்றே வைத்துக்கொள்வோம். பிரேக்? வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் விழுங்க வேண்டிய சூடு நாலு மடங்கு. இது பள்ளிக்கூடத்துப் பாடம். அந்தப் பாடத்தில் நான் பாஸ் பண்ணியிருந்தேன், அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லாமல் போனது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மருமகன் "யாரு மாமா கேக்கப் போறாங்க" என்றான். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. கம்பெனி கொடுத்த விவரத்துக்கும் ஆர்.சி. புக்குக்கும் மாறாக வண்டியை மாற்றக் கூடாது. சி.என்.ஜி., எல்.பி.ஜி., பேட்டரி என்று மாற்ற அங்கீகாரம் உள்ள கிட் இருந்தால் அதற்குத் தனி வழி இருக்கிறது. கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி பண்ணியது. அதே வருஷம் வந்த திருத்தத்தில் பிரிவு 182ஏ: அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம், இல்லை ஆறு மாசம் வரை ஜெயில், இல்லை ரெண்டும். 'வின்டேஜ் வண்டி' என்று தப்பிக்கலாமா என்று கேட்டான். அதற்கு ஐம்பது வயசு தாண்டணும். இந்தக் கான்டெஸாவுக்கு இன்னும் ஆகவில்லை. பதினைந்து வருஷம் முடிந்த சொந்தக் காருக்கு அஞ்சு வருஷத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கணும். அப்போது வண்டியைக் கொண்டுபோய்க் காட்டணும். இன்ஜின் நம்பரைப் பார்ப்பார்கள். பார்க்காமலே விடுகிறவர்களும் இருக்கலாம். பார்க்காமல் விட்டால் நல்லது என்று நினைக்கிறவர்களுக்குத்தான் அடுத்ததைச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் ஒரு அம்பாசிடர் இருந்தது. அப்பா கரும்பு நல்ல விலைக்குப் போன ஒரு வருஷம் பழசாக வாங்கியது. பெட்ரோல் வண்டி. கல்யாணம், கருமாதி, ஆஸ்பத்திரி என்று ஊருக்கே அதுதான் கார். பெட்ரோல் கட்டுப்படியாகவில்லை. திண்டிவனத்தில் எங்களுக்குப் பழக்கமான மெக்கானிக் பாய் ஒருவர் இருந்தார், மரக்காணம் ரோட்டுப் பக்கம் ஷெட். அவரிடம் போய், மெட்டடார் வேனில் கழற்றிய டீசல் இன்ஜின் ஒன்று வருகிறது, மாட்டித் தாங்க என்று கேட்டேன். அவர் பீடியை அணைத்துவிட்டு, "மாட்டலாம் தம்பி. பிரேக்கு அதுக்குத் தாங்காது. பூஸ்டர் வெச்சு, முன்னாடி ஸ்பிரிங்கு பார்த்து, எல்லாம் சேர்த்துப் பண்ணணும். இன்ஜின் மட்டும்னா நான் பண்ணமாட்டேன்" என்றார். அவர் சொன்ன மொத்தத் தொகை இன்ஜின் விலையைவிட அதிகம். எனக்கு வயசு இருபத்தாறு. இவர் காசு பிடுங்கப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டு வேறொரு பட்டறைக்குப் போனேன். அங்கே நாலே நாளில் மாட்டிக் கொடுத்துவிட்டார்கள்.

வண்டி நல்லாவே ஓடியது. அதைச் சொல்லத்தான் வேண்டும். இழுவை அபாரம். ஏழு பேரை ஏற்றிக்கொண்டு மயிலம் மலையடிவாரத்துக்குப் போய் வருவோம், மூச்சே வாங்காது. பழைய அம்பாசிடரில் நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக்தான், கால் பலத்தில்தான் நிற்கணும். முன்பக்கம் கனம் கூடியதில் பிரேக் மிதித்தால் மூக்கு குனியும். பழகிக்கொண்டேன். ஆர்.சி. புக்கில் பெட்ரோல் என்றே இருந்தது. மாற்றி எழுத நாங்கள் போகவே இல்லை. நாளைக்குப் போகலாம், அடுத்த மாசம் போகலாம்.

1996, பொங்கல் முடிந்து ரெண்டாவது வாரம். விழுப்புரத்திலிருந்து இரவு ஒன்பது மணிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். நான் ஓட்டினேன், பக்கத்தில் என் தம்பி. அப்போது ஜி.எஸ்.டி. ரோடு ரெண்டே வழிதான், இப்போது இருக்கிற நாலுவழிச் சாலையும் டோல்கேட்டும் கிடையாது. கரும்பு வெட்டு காலம். விக்கிரவாண்டி தாண்டி, முன்னால் கரும்பு டிரெய்லர் ஒன்று லைட் இல்லாமல் ரோட்டில் பாதியை அடைத்து நின்றது. எதிரே பஸ். எழுபதில் போயிருப்பேன். பழைய இன்ஜினாக இருந்தால் ஏழு பேர் சாமானோடு அந்த வேகத்துக்கு வந்திருக்கவே மாட்டேன், ஐம்பதில் முனகிக்கொண்டு வந்திருப்பேன். பிரேக்கை மிதித்தேன். காலுக்குக் கீழே கட்டை மாதிரி இருந்தது. வண்டி ஒரு பக்கம் இழுத்தது. நிற்கவில்லை.

கரும்பு கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தது. எனக்கு நெற்றியில் தையல். முன்பக்கம் மடிந்ததில் தம்பியின் வலது முழங்கால் சிக்கிக்கொண்டது. பாண்டிச்சேரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். மூணு ஆபரேஷன். அவனுக்கு அப்போது இருபத்திரண்டு. ஊரில் கபடி ஆடுகிறவன். லைட் போடாத டிரெய்லர்காரர் மேலே எனக்குக் கோபம் இருந்தது, ரொம்ப வருஷம் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். இன்சூரன்ஸ் பணம் வரவில்லை. சர்வே பண்ண வந்தவர் பானெட்டைத் திறந்து பார்த்தார், ஆர்.சி. புக்கைப் பார்த்தார், மூடிவிட்டார். அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? புத்தகத்தில் ஒரு வண்டி, ரோட்டில் ஒரு வண்டி. ஆபரேஷனுக்காக ரோட்டோரத்து ஒண்ணேகால் ஏக்கர் கொல்லியை விற்றோம். இன்றைக்கு அதில் பிளாட் கல் நட்டிருக்கிறது.

தம்பி இப்போதும் அந்தக் காலை இழுத்துத்தான் நடக்கிறான். வரப்பில் இறங்கும்போது குச்சி வேண்டும். 'சின்ன மாமாவுக்கு ஆக்சிடெண்ட்' என்று மட்டும் பிள்ளைகளுக்குத் தெரியும். இன்ஜின் சமாச்சாரம் என் அக்கா மகனுக்குத் தெரியாது. நான் சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமை சொன்னேன். அவன் செல்போனைச் சட்டைப் பையில் போட்டான். வெகுநேரம் பேசவில்லை. அப்புறம், "இப்ப பிரேக் எல்லாம் நல்ல பிரேக் வருது மாமா, அதையும் சேர்த்து மாத்திடலாம்" என்றான். அவன் சொன்னதும் பொய் இல்லை. மெக்கானிக் பாய் அன்றைக்குச் சொன்னதும் அதுதானே. ஆனால் பெரிய இன்ஜின் வாங்குகிறவர்களில் எத்தனை பேர் அந்தப் பட்டியலின் கடைசி வரைக்கும் காசு வைத்திருக்கிறார்கள்? முதல் வரியில் இருக்கும் இன்ஜினோடு சேமிப்பு முடிந்துவிடும். மீதி அடுத்த மாசம், அடுத்த வருஷம். நான் அப்படித்தான் செய்தேன்.

அதனால் என் அபிப்பிராயம் இதுதான், அவனிடம் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன். அந்த உடம்பு 1.8 லிட்டருக்கும் 2.3 லிட்டருக்கும் வரைந்தது. கம்பெனியே வைத்த இசுஸு 1.8 இருக்கிறது, அதற்கேற்ற கியர் பெட்டி இருக்கிறது. பழைய கான்டெஸா கிளாசிக் ஒன்றைத் தேடி, இன்ஜின், கியர், பிரேக், பின்அச்சு என்று மொத்தமாக எடு. அதற்கும் முன்னால் ஆர்.டி.ஓ. ஆபீசில் எழுதிக் கொடுத்துக் கேள். முடியாது என்று சொன்னால் இருக்கிற 1.5-ஐயே போரிங் பண்ணி ஓட்டு. முனகிக்கொண்டு போகட்டும். ஐம்பது குதிரையில் திண்டிவனம் போய்வர ஒன்றும் குறைச்சல் இல்லை. மூணு லிட்டர் டர்போதான் வேண்டும் என்றால், அது ரோட்டுக்கு வராத வண்டியாக இருக்கட்டும், என் ஷெட்டுக்கு வெளியே இருக்கட்டும். எங்கள் ரோட்டில் சாயங்காலம் மாடு திரும்பும். ஏரிக்கரை வளைவில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சைக்கிளில் ரெண்டு ரெண்டு பேராக வரும். இன்றைக்கும் லைட் இல்லாத டிரெய்லர் நிற்கிறது. அன்றைக்குக் கடைசிக் கழனிக்காரருக்கு வோல்டேஜ் இறங்கிய மாதிரி, உன் இன்ஜினுக்கான விலையில் ஒரு பங்கை அவர்களும் கட்டுகிறார்கள்.

இவ்வளவு பேசினாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த வீடியோவில் அந்த இன்ஜின் சத்தம் வந்தபோது, இன்னொருமுறை போடச் சொல்லலாமா என்று எனக்கும் தோன்றியது. மெட்டடார் இன்ஜினோடு முதல் நாள் மயிலம் ரோட்டில் மிதித்தபோது வந்த சந்தோஷம் இன்னும் காலில் இருக்கிறது. அதனால்தான் மருமகனைத் திட்டவில்லை.

சாயங்காலம் தம்பி குச்சியை ஊன்றிக்கொண்டு ஷெட்டுக்கு வந்தான். காரைச் சுற்றி ஒரு நடை நடந்தான். பானெட்டைத் தூக்கிப் பார்க்கவில்லை. முன்சக்கரத்துப் பக்கம் குனிந்து, "டேய், முதல்ல வீல கழட்டுடா, பாக்கலாம்" என்றான். மருமகன் ஜாக்கியை எடுத்து வந்தான். இருட்டுகிறவரை ரெண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். துருப்பிடித்த நட்டு ஒன்று மட்டும் வரவில்லை, டீசல் ஊற்றி வைத்திருக்கிறார்கள்.

பாய்க்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது, ஷெட்டை மகன் பார்க்கிறார். போன் பண்ணினேன். கான்டெஸா என்றதும் சிரித்தார். அடுத்த வாரம் வந்து பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். அதுக்குள்ளே குஞ்சு பொரிச்சிடும் என்கிறாள் என் மனைவி.